பக்கத்து இருக்கை இல்லாத வண்டி

பிரேக்கக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது இப்போது உரிம அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். பதினெட்டு வருடமும் அவள் உட்கார்ந்தது ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில். அந்தப் பள்ளிக் கார்களில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்ள வந்தவர் சுவரைப் பார்த்து வண்டியை விட்டால், சுவரைக் காப்பாற்றுவது அக்காவின் கால்தான். அந்தக் காலை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் ஓட்டக் கற்றார்கள். பெயரும் அந்தக் காலால் வந்ததுதான்.

வீட்டிலும் இதே கதை. கணவர் நூலகர். வேலை செய்கிற இடத்தின் பழக்கமோ, பிறவிக் குணமோ, வீட்டில் தீப்பிடித்தாலும் காதோடு காதாகத்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது கிளம்பினால் கார் சாவியை அவரே எடுத்துக்கொள்வார். "நாள் முழுக்க வண்டியிலேயேதானே இருக்கே. இன்னைக்காவது நிம்மதியா உக்காந்து வா" என்பார். அன்பாகப் பேசுகிறவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ஏறி உட்காருவாள். அவர் ஆமை வேகத்தில் உருட்டுவார். இவள் கால் வழியெல்லாம் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டே வரும். "அங்க பிரேக் இல்லம்மா" என்று அவர் மெதுவாகச் சொல்வார். அழுத்தி அழுத்தி அந்த விரிப்பில் ஓர் ஓட்டையே விழுந்துவிட்டது.

இப்படி இருக்கையில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவரின் தங்கை, மருந்துக்கடையில் வேலை. வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

"அண்ணி, வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க என்கூட வரீங்க. புதுசா கத்துக்கிறவங்களுக்கு கோ-கார்ட் ரேஸ் வகுப்பு, சின்ன வண்டிப் பந்தயம். ரெண்டு பேரா வந்தாத்தான் சேத்துக்குவாங்களாம். கூட வர்றேன்னவ கடைசி நேரத்துல காலை வாரிட்டா."

"எனக்குப் போய் வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கப் போறாங்களா?"

"நீங்க ஓட்டி நான் பாத்ததே இல்லையே அண்ணி. பக்கத்துல உக்காந்து திட்டித்தான் பாத்திருக்கேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தாள். கடைசியாகத் தன் இஷ்டத்துக்கு ஒரு வண்டியை எடுத்துப் போனது எப்போது என்று யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

பந்தயத் திடல் ஊருக்கு வெளியே, கிடங்குகளையெல்லாம் தாண்டி இருந்தது. வளைந்து வளைந்து போகும் தார்ப்பாதை, ஓரமெல்லாம் சிவப்பும் வெள்ளையும் அடித்த பழைய டயர்க் குவியல்கள், பெட்ரோல் வாசனை. உடை மாற்றும் அறையில் தலைக்கவசங்களை அளவு வாரியாக அடுக்கியிருந்தார்கள். தனக்குப் பொருந்தியதில் முந்தின ஆளின் வியர்வை இன்னும் காயவில்லை என்பதை அக்கா மாட்டிய பிறகுதான் கண்டுபிடித்தாள்.

வகுப்பு எடுத்தவர் கொடிக்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லி ஆள். அக்குளில் இடுக்கியிருந்த கொடிகள் அவரைவிடக் கனமாக இருக்கும்போலத் தெரிந்தது. அவர் கார்ட்டைக் காட்டினார். நான்கு சின்னச் சக்கரம், நடுவில் ஓர் இருக்கை, அதை ஒட்டி ஓர் என்ஜின், அவ்வளவுதான். கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. உட்கார்ந்தால் தரைக்கும் நமக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. வலது காலுக்கு வேகம், இடது காலுக்கு பிரேக்.

அக்கா வழக்கம்போல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரை அழுத்திப் பார்த்தாள். உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரிசெய்யக் கையை உயர்த்தினாள். கை காற்றைப் பிடித்தது.

"தம்பி, கண்ணாடி எங்க?"

"கிடையாதுங்க."

"பெல்ட்டு?"

"இந்த வண்டியில அதுவும் கிடையாதுங்க."

"அப்போ பின்னால வர்றவனை எப்படிப் பாக்கிறது?"

"பாக்க வேண்டாம். அவன் உங்களைப் பாத்துக்குவான். நீங்க முன்னால மட்டும் பாருங்க."

முன்னால் மட்டும் பார்! இந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதேயில்லை. அவள் வேலையே மற்றவர்கள் பார்க்காததையெல்லாம் பார்ப்பதுதான். பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினாள். அங்கே என்ஜின் இருந்தது. இன்னொரு பக்கம் திரும்பினாள். அங்கே பெட்ரோல் குழாய் இருந்தது. வண்டியில் பக்கத்து இருக்கையே இல்லை. உட்கார இடமில்லையென்றால், யாரும் யாருக்காகவும் பிரேக் போட முடியாது. தலைக்கவசத்துக்குள்ளே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு விஷயம் சொல்றேன், மறந்துடாதீங்க" என்றார் கொடிக்காரர். "ஓட்டும்போது ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல வச்ச இடத்தை விட்டு நகரவே கூடாது. ஓட்டி முடிச்சு பாதையிலேருந்து உள்ளே வரும்போது மட்டும், ஒரு கையைத் தலைக்கு மேல தூக்கணும். நான் மெதுவாப் போறேன், உள்ளே திரும்பப் போறேன்னு அதுக்கு அர்த்தம். தூக்காம உள்ளே வந்தீங்கன்னா பின்னால வர்றவன் வந்து மோதுவான். அப்புறம் ராக்கெட் வேகத்துல ஓட்டியிருந்தாலும் தேர்ச்சி கிடையாது."

தேர்ச்சி என்றால் இதுதான். நான்கு வகுப்பு முடிந்ததும் பத்துச் சுற்று ஓட்ட வேண்டும். அதில் ஒரு சுற்றையாவது ஐம்பது வினாடிக்குள் முடித்தால் திடலின் உறுப்பினர் அட்டை கொடுப்பார்கள். அட்டை இருந்தால் ஞாயிறுதோறும் நடக்கிற பந்தயத்தில் ஓடலாம். மூன்று வாய்ப்பு. அதற்குள் முடியாவிட்டால், மழைக்காலத்துக்குத் திடலை மூடித் திறந்த பிறகு, மறுபடி முதல் வகுப்பிலிருந்து.

வகுப்புகளில் பெரிதாகத் தவறு ஒன்றும் தெரியவில்லை. அப்போது எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக மெதுவாகத்தான் போனார்கள். வளைவுக்கு முன்னாலேயே நேராக இருக்கும்போது பிரேக் போட்டுவிடு, வெளியோரத்திலிருந்து உள்ளோரத்தைத் தொட்டுவிட்டு, மறுபடி வெளியோரத்துக்கு வண்டியை விடு என்று சொன்னதை அக்கா கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் தேர்வில்தான் வண்டவாளம் வெளியே வந்தது.

பயிற்சிப் பள்ளியில் அக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. திரும்புவதற்கு விளக்கைப் போட்டால் மட்டும் போதாது, கையும் காட்ட வேண்டும். "விளக்கு பழுதாகும், கை பழுதாகாது" என்பாள். கற்றுக்கொள்கிறவர் மறந்தால், தன் பக்கத்து ஜன்னல் வழியாகத் தன் கையையே நீட்டிவிடுவாள். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது நீளும் கை அது. வேகம் பிடித்து, முதல் வளைவு எதிரே வந்ததும், கை அவளைக் கேட்கவா செய்யும்? தானாக உயரே போயிற்று.

பின்னால் வந்த நான்கு வண்டிகளும் அவள் உள்ளே போகிறாள் என்று வேகத்தைக் குறைத்து ஒதுங்கின. உள்வழிக் கதவருகே நின்றவர் ஓடிப்போய்த் திறந்தார். அக்கா கதவைக் கடந்து விர்ரென்று போய்விட்டாள். அடுத்த வளைவிலும் கை. மறுபடி எல்லாரும் ஒதுங்கினார்கள், மறுபடி கதவு திறந்தது, மறுபடி அவள் போய்விட்டாள். ஆறாவது தடவைக்குப் பிறகு கதவுக்காரர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஒரு கையால் திருப்பினால் வண்டி எப்படி வேகம் போகும்? ஐம்பத்தெட்டு வினாடி.

"அம்மா, வர்றீங்களா, வரலையா? ஒரு முடிவுக்கு வாங்க" என்றார் கொடிக்காரர்.

நாத்தனார் நாற்பத்தெட்டு வினாடியில் முடித்து, அன்றைக்கே அட்டையும் வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை விசிறிபோல ஆட்டிக்கொண்டு வந்தாள். "அண்ணி, நீங்க ஓட்டினது ரேஸ் மாதிரி இல்ல. ஊர்வலத்துல கை காட்டிட்டுப் போற மாதிரி இருந்துச்சு." அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இரண்டாவது தேர்வில் சிரிக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டுச் சுற்று கையை அடக்கிவிட்டாள். ஒன்பதாவது சுற்றில், முன்னால் போனவன் வளைவில் தப்பான ஓரத்திலிருந்து திரும்புவதைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. "கையைக் காட்டுடா!" என்று கவசத்துக்குள் கத்தியபடியே அவனுக்காக இவள் பிரேக்கை மிதித்து, இவளே கையையும் தூக்கினாள். பின்னால் வந்தவர் விலகப் போய் டயர்க் குவியலுக்குள் புகுந்துவிட்டார். அவருக்கு அடி ஒன்றும் இல்லை. எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டு, "பரவாயில்லைங்க" என்றுகூடச் சொன்னார். அந்தப் பரவாயில்லைதான் அக்காவைப் படுத்தியது. யாரையும் எதிலும் மோத விடாத கால் என்று பெயரெடுத்தவள் அவள்.

அன்று சாயங்காலம் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, "விட்டுடறேங்க" என்றாள்.

கணவர் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏன்?"

"ஒரு வாய்ப்புதான் பாக்கி. அதுவும் போச்சுன்னா மழை முடிஞ்சு முதல்லேருந்து. மழை முடிஞ்சா பள்ளியில கூட்டம் அம்மும், ஞாயித்துக்கிழமையும் வேலை. இப்போ இல்லைன்னா எப்பவும் இல்லைங்க." மேடையில் இல்லாத கறையைத் தேய்த்தாள். "அந்த வண்டியில பக்கத்து சீட்டே இல்லைங்க. நான் ஒருத்திதான். அது எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அவர் தட்டை வைத்தார். போய்த் தன் பையிலிருந்து இரண்டு காகிதச் சீட்டுகளை எடுத்து வந்தார். புத்தகம் திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரை குத்தி, அட்டைக்குள் ஒட்டுவார்களே, அந்தச் சீட்டுகள். வட்டமான ஒரு பெரிய தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, தரையில் உட்காரச் சொன்னார். இரண்டு உள்ளங்கைக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவே கைக்கொரு சீட்டாகச் செருகினார்.

"சீட்டு விழக் கூடாது. நான் வளைவு வளைவுன்னு சொல்லுவேன், நீ திருப்பணும்."

"கேலி பண்றீங்களா?"

"வளைவு" என்றார் அவர், நூலகத்துக் குரலில்.

முதல் நாள் நாற்பது வளைவில் முப்பத்திரண்டு தடவை சீட்டு விழுந்தது. மறுநாள் இருபது. அலுக்காமல் குனிந்து குனிந்து அவரே பொறுக்கிக் கொடுத்தார். வாரக் கடைசியில், அவர் பின்னால் வந்து திடீரென்று சொன்னாலும் சீட்டு அசையவில்லை. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல யாருக்காவது மருந்து வேணுமா?" என்று கேட்டாள்.

மருந்து கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்தது. சனிக்கிழமை பயிற்சிப் பள்ளிக்குக் கார் ஓட்டக் கற்க வந்த ரொட்டிக்கடைக்காரர் மூன்று சந்துகளில் கையே காட்டாமல் திரும்பினார். பக்கத்தில் அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நான்காவது சந்தில் அவருக்கே பயம் வந்து வண்டியை ஓரமாக நிறுத்தினார். "அக்கா, மூணு தடவையா கை காட்டலை. ஒரு வார்த்தை திட்டலையே? உடம்புக்கு முடியலையா?"

மறுநாள் காலை மூன்றாவது தேர்வு. கணவரும் கூட வந்தார். அவர் திடலுக்கு வருவது அதுதான் முதல் தடவை. வேலிக்கு வெளியே ஒரு நாற்காலியில், படிக்க ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தார். அக்கா கையுறைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே இரண்டு சீட்டுகளையும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கொடி விழுந்தது.

முதல் வளைவு. கை இருந்த இடத்தில் இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. முன்னால் ஒருவன் தப்பாகத் திரும்பினான். திரும்பட்டும், அவன் வண்டி, அவன் பாடு. அவன் விட்ட இடைவெளியில் அவள் நுழைந்து போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவனைத் திருத்தாமல் விட்டதில் அவ்வளவு சுகம் இருந்தது. விலா எலும்பு இருக்கையில் இடித்து வலித்தது, தோள் கடுத்தது, காற்று கவசத்துக்குள் புகுந்து கண்ணில் நீர் வரவழைத்தது. அவளுக்கு எதுவும் பெரிதாகப்படவில்லை. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தொன்று. ஏழாவது சுற்றில் கடைசி வளைவில் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் விட்டு வண்டியை உருவி வெளியே எடுத்தாள். பலகையில் எண் மாறியது. நாற்பத்தொன்பது புள்ளி எட்டு.

வேலியோரத்தில் நாத்தனார் குதித்த குதியில் தண்ணீர்ப் புட்டிகள் உருண்டன.

மிச்சம் மூன்று சுற்றையும் அக்கா சிந்தாமல் சிதறாமல் முடித்தாள். கட்டம் போட்ட கொடி விழுந்தது. இனி ஒரு மெதுச் சுற்று போய், உள்ளே திரும்ப வேண்டியதுதான். அவள் மனதில் ஒரே ஒரு மந்திரம் ஓடிக்கொண்டிருந்தது: கையைத் தூக்காதே, கையைத் தூக்காதே.

உள்வழி நெருங்கியது. கதவு திறந்திருந்தது. அவள் இரண்டு கையும் ஒட்டிவைத்த மாதிரி இருந்தன.

வேலிக்கு வெளியே முதலில் கவனித்தவர் கணவர்தான். புத்தகம் மடியிலிருந்து விழுந்தது. "பாப்பா, அவ கையைத் தூக்கலையே!" என்று தங்கையிடம் சொன்னார். நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. பத்துச் சுற்றும் வீண். அவர் நாற்காலி மேல் ஏறினார். இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டி, "கையைத் தூக்கு! கையைத் தூக்கும்மா!" என்று கத்தினார். அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவர் தங்கைக்கே தெரியாது. கதவுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

என்ஜின் சத்தத்தில் அக்காவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் பார்த்தாள். தன் கணவர், சத்தமில்லாத மனிதர், நாற்காலி மேல் நின்று, சட்டை வெளியே வந்து தொங்க, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு குதிக்கிறார். தனக்காக. அவளுக்கு நெஞ்சு நிரம்பி வழிந்தது. ஒரு வாரப் பயிற்சி, மந்திரம், சீட்டு எல்லாம் பறந்துபோக, அவள் கையை உயரத் தூக்கி, தலைக்கு மேல் ஆட்டு ஆட்டென்று ஆட்டிக்கொண்டே உள்ளே திரும்பினாள்.

வண்டி நின்றது. கவசத்தைக் கழற்றியதும்தான் விஷயம் அவளுக்கு உறைத்தது. நாத்தனார் ஓடிவந்து கட்டிப்பிடிப்பதற்குள், கொடிக்காரர் தாளும் பேனாவுமாக வந்துவிட்டார்.

"நாப்பத்தொம்பது புள்ளி எட்டு. அதுல பிரச்சினை இல்ல" என்றார். "ஒரு சந்தேகம் மட்டும். உள்ளே திரும்பும்போது கை மேல போச்சு. அது உள்ளே வர்றேன்னு காட்டினதா, வீட்டுக்காரருக்கு டாட்டா காட்டினதா?"

உள்ளே வர்றேன்னு காட்டினதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாத்தனார் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினாள். 'பிரேக் நான்தான் போட்டேன் அக்கா' என்று பதினெட்டு வருடமாக எத்தனை பேர் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார்கள்! ஒருவரையாவது அவள் விட்டிருப்பாளா?

"பொய் சொல்ல மாட்டேன் தம்பி" என்றாள். "கை தூக்கணும்ங்கிறது எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு. அவரைப் பாத்ததும் சந்தோஷம் தாங்கலை. கை தானாப் போயிடுச்சு."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். கொடிக்காரர் பேனாவால் காதைச் சொறிந்தார். பிறகு விதித்தாளைப் புரட்டி ஒரு வரியைத் தேடி எடுத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'உள்ளே வரும் ஓட்டுநரின் ஒரு கை தலைக்கு மேல் முழுமையாக உயர்ந்திருக்க வேண்டும்.' உயர்ந்திருந்துச்சு. எதுக்காக உயரணும்னு இதுல எழுதலை." பின்னால் வந்து நின்ற வண்டிக்காரரைப் பார்த்துக் கேட்டார். "நீங்க பாத்தீங்களா?"

போன தடவை டயர்க் குவியலுக்குள் போன அதே ஆள். "நல்லாவே பாத்தேன். பாத்துத்தான் பிரேக் போட்டேன்" என்றார்.

"அப்புறம் என்ன?" கொடிக்காரர் கையெழுத்துப் போட்டு, மார்புப் பையிலிருந்து ஒரு கசங்கிய காகிதத்தை எடுத்தார். "இது உங்க கையிலேருந்துதான் பறந்துச்சு. பாதையில குப்பை போடக் கூடாதுங்க."

கணவர் அதை வாங்கிப் பார்த்தார். தேதி முத்திரை. "கெடு இன்னும் தாண்டலை" என்றார், பழைய குரலில். தொண்டை கட்டியிருந்தது.

கார் நிறுத்துமிடத்துக்கு மூன்று பேருமாக நடந்தார்கள். அக்கா அட்டையை நாத்தனார் மாதிரி ஆட்டவில்லை. இரண்டு விரலால் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதில் இருந்தது பெற்றவர்கள் வைத்த பெயர். கணவர் பழக்கத்தில் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுகிற பக்கம் போனார். கதவில் கை வைத்தவர் நின்றார். அவளைப் பார்த்தார். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சுற்றிப் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறினார். நாத்தனார் பின்னால் ஏறி, ஆச்சரியமாக, வாயைத் திறக்கவில்லை.

திடலின் வாசலில் அக்கா விளக்கைப் போட்டாள், கையும் காட்டினாள், திரும்பினாள். நேர்ச்சாலை வந்ததும் வண்டியைக் கொஞ்சம் விட்டுப் பிடித்தாள். முதல் வளைவு எதிரே வந்தது. பக்கத்தில் ஏதோ அழுந்துகிற சத்தம் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கால் விரிப்பில் அந்த ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, அதிலேயே ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தது.

"அங்க பிரேக் இல்லைங்க" என்றாள் பிரேக்கக்கா.